சின்ன டர்ட் பைக்: புல்லிங் இல்லை, செயின் கத்துகிறது என்றால் எங்கே கை வைப்பது?

வண்டி மேட்டில் திணறினால், "பின்னாடி நாலு பல்லு கூட்டிப் போடுங்க, சரியாயிரும்" என்று சொல்ல கோவையிலிருந்து கோபி வரை ஆளுக்குப் பஞ்சமே இல்லை. சில நேரம் அது சரியான வைத்தியம்தான். பல நேரம் குறை வேறெங்கோ இருக்கும். புது ஸ்ப்ராக்கெட் (செயின் சுற்றும் பல் சக்கரம்) வாங்கிப் போட்ட பிறகும் வண்டி அப்படியே திணறும், பணம் மட்டும் போயிருக்கும். அதனால் வண்டி என்ன செய்கிறது என்பதிலிருந்தே தொடங்குவோம்.

இங்கே சொல்வதெல்லாம் 50 சிசி முதல் 125 சிசி வரையான வண்டிகளுக்கு. ஹோண்டா சிஆர்எஃப் 50, கவாசாகி கேஎல்எக்ஸ் 110 மாதிரி வண்டிகள், பெயர் தெரியாத சீன பிட் பைக்குகள் எல்லாம் இதில் அடக்கம். இவற்றுக்குப் பதிவு எண் கிடையாது. தோட்டத்துக்குள்ளும் சொந்தக் காட்டுக்குள்ளும்தான் ஓட்ட வேண்டும், தார் ரோட்டுக்கு வரக் கூடாது.

கை வைக்கும் முன் ஒரு சின்னக் கணக்கு

முன் ஸ்ப்ராக்கெட்டிலும் பின் ஸ்ப்ராக்கெட்டிலும் எத்தனை பல் என்று எண்ணுங்கள். பெரும்பாலும் பக்கவாட்டில் எண் குத்தியிருக்கும். பின் பல்லை முன் பல்லால் வகுத்தால் வருவதுதான் உங்கள் விகிதம். முன்னால் 14, பின்னால் 37 என்றால் 2.64. இந்த எண் கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும். குறைந்தால் நேர்மாறாக நடக்கும்.

முன்னால் ஒரு பல் குறைத்து 13 போட்டால் விகிதம் 2.85 ஆகிறது. இதே பலன் பின்னால் வேண்டுமென்றால் 40 பல் போட வேண்டும். ஆக, முன்னால் ஒரு பல்லும் பின்னால் மூன்று பல்லும் ஏறக்குறைய ஒன்று. முன் ஸ்ப்ராக்கெட் விலையும் குறைவு, மாற்றுவதும் சுலபம். அதனால் முதலில் முன்னால் ஒரு பல் மாற்றி ஓட்டிப் பாருங்கள். அந்த விகிதம் பிடித்துப் போனால், அடுத்த செயின் செட் (செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும்) வாங்கும்போது பழைய முன் ஸ்ப்ராக்கெட் அளவுக்கே திரும்பி, பின்னால் பல்லைக் கூட்டிக்கொள்ளலாம். நான் எல்லோருக்கும் சொல்லும் வழி இதுதான்.

"மேட்டுல ஏறவே மாட்டேங்குதுங்க. ரெண்டாவது போட்டா செத்துப் போகுது"

முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது பல்லடம், உடுமலைப் பக்கம் நான்கு நாள் ஓட்டினாலே ஃபில்டர் ஸ்பாஞ்ச் செம்மண் அடையாகிவிடும். மூச்சு அடைத்த இன்ஜினுக்கு எந்த ஸ்ப்ராக்கெட் போட்டும் பயனில்லை. அடுத்து பின் பிரேக் பிடித்தபடி நிற்கிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பாருங்கள். டயர் காற்றையும் பார்த்துவிடுங்கள்.

இவையெல்லாம் சரி, இன்ஜின் சத்தமும் தெளிவு. ஆனாலும் முதல் கியரில் மேட்டை ஏறி, இரண்டாவது மாற்றியதும் ரெவ் (இன்ஜின் சுழலும் வேகம்) விழுந்து நின்றுபோகிறது. அப்படியானால் விகிதம் 'உயரம்', அதாவது மேலே போட்ட கணக்கில் வரும் எண் தேவைக்குக் குறைவு. கொங்கு மண்ணுக்கு இது பொருந்தாத விகிதம்தான். கிளுவை வேலி இரண்டு பக்கமும் நெருக்கும் இட்டேரியில், சுக்காங்கல் உருளும் தடத்தில், உழுத காட்டின் குறுக்கே எல்லாம் நாம் ஓட்டுவது மெதுவான ஓட்டம். அங்கே முன்னால் ஒரு பல் குறைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். ஓட்டுபவர் பெரிய ஆள் என்றால் இன்னும் நன்றாகத் தெரியும், ஏனென்றால் இந்த வண்டிகள் பிள்ளைகளின் எடைக்குக் கணக்குப் போட்டுச் செய்தவை.

கிளட்ச் லீவர் இல்லாத வண்டிகளில் இன்னொரு விஷயம் உண்டு. சிஆர்எஃப் 50-லும் சாதா கேஎல்எக்ஸ் 110-லும் இருப்பது தானாகப் பிடிக்கும் கிளட்ச். ரெவ் ஏறினால்தான் அது முழுதாகப் பிடிக்கும். விகிதம் உயரமாக இருந்தால் மேட்டில் ரெவ் ஏறாது. கிளட்ச் பாதி பிடித்து, பாதி வழுக்கிக்கொண்டே இருக்கும். ஆயில் கருத்து, தீய்ந்த வாடை வரும். அந்த வண்டிக்குப் பல் குறைப்பது கிளட்சையும் காப்பாற்றும்.

முன்னால் 12-க்குக் கீழே போகாதீர்கள். ஸ்ப்ராக்கெட் சின்னதாக ஆக, ஒவ்வொரு கண்ணியும் அதிகமாக மடங்கியே சுற்ற வேண்டும். 14 பல்லில் ஒரு கண்ணி மடங்குவது ஏறக்குறைய 26 டிகிரி, 12 பல்லில் 30 டிகிரி. மடங்க மடங்க, கண்ணிகளைக் கோக்கும் சின்ன ஊசி, அதாவது செயின் பின், தேயும். செயினும் கீழிறங்கி, ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) மேலுள்ள ரப்பர் பட்டையை அறுக்கத் தொடங்கும். ரப்பர் போன பிறகு அறுபடுவது இரும்பு. இன்னும் இழுவை வேண்டுமென்றால் பின்னால் கூட்டுங்கள்.

"சும்மா கத்துது, ஆனா ஓட்டம் இல்லை"

கிளட்ச் வழுக்குவது, விகிதம் பொருந்தாதது என்ற இரண்டு நோய்க்கும் இது பொதுவான அறிகுறி. பிரித்துப் பார்ப்பது சுலபம். சமதளத்தில் மேல் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று முழுதாக முறுக்குங்கள். ரெவ் மட்டும் துள்ளி எழுந்து, வேகம் பின்னால் மெல்ல வந்தால் கிளட்ச் வழுக்குகிறது. ஸ்ப்ராக்கெட் கடைக்குப் போக வேண்டாம். ரெவ்வும் வேகமும் சேர்ந்தே ஏறி, ஆனால் சீக்கிரமே உச்சத்துக்குப் போய் நின்றுவிட்டால் விகிதம் 'குட்டை', அதாவது அந்த எண் தேவைக்கு அதிகம். முன்னால் ஒரு பல் கூட்டலாம்.

கூட்டும் முன் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். முன் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி இன்ஜின் கேஸுக்கும் செயினுக்கும் இடையே சின்ன வண்டிகளில் விரல் நுழையும் இடம்கூட இருக்காது. பெரிய ஸ்ப்ராக்கெட் போட்டால் செயின் கேஸில் உரசும். அப்படி உரசி அலுமினியம் தேய்ந்து ஓட்டையான கேஸ்களை மெக்கானிக் கடைகளில் பார்க்கலாம்.

இன்னொன்று. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் வண்டியின் கணக்கைக் கேட்டு வந்து தோட்டத்து வண்டிக்குப் போடாதீர்கள். அது தார் டிராக். நீண்ட நேர்ப்பாதையில் கடைசி கியரின் உச்சத்தைத் தொடுவதற்காகப் போட்ட விகிதம் அது. நமக்குத் தேவை வளைவிலிருந்து வெளியே வரும்போது இரண்டாவது கியர் திணறாமல் இழுப்பது. அந்த ஒரு சோதனையை வைத்தே விகிதத்தை முடிவு செய்யலாம்.

"செயின் ஒரு இடத்துல டைட்டு, இன்னொரு இடத்துல லூஸு"

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, பின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே கீழ்ச் செயினை விரலால் தூக்கிப் பாருங்கள். ஒரு சுற்றுக்குள் இறுகித் தளர்ந்தால், செயின் ஒரே மாதிரி தேயவில்லை. சில கண்ணிகள் துருப்பிடித்து மடங்காமல் நிற்கும், சில நீண்டிருக்கும். எண்ணெய் விட்டுப் பார்க்கலாம். தேறவில்லையென்றால் மாற்ற வேண்டியதுதான்.

நீட்சியை அளக்கச் சாதா டேப் போதும். 415, 420, 428 என்று 4-இல் தொடங்கும் செயின்களுக்கெல்லாம் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரை அரை அங்குலம், அதாவது 12.7 மில்லி. செயினை இறுக்கமாக இழுத்துப் பிடித்து, 21 பின்களை எண்ணி, முதல் பின்னின் நடுவிலிருந்து கடைசிப் பின்னின் நடு வரை அளந்தால் புதுச் செயினில் 254 மில்லி வரும். 259 வந்தால் இரண்டு சதம் நீண்டுவிட்டது, அதை வைத்து ஓட்டுவது வீண். மூன்று இடங்களில் அளங்கள். அதில் பெரிய எண்தான் உங்கள் எண்.

நீண்ட செயினை மட்டும் மாற்றி, தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டை விட்டுவைப்பதும், ஸ்ப்ராக்கெட்டை மட்டும் மாற்றிப் பழைய செயினைப் போடுவதும் ஒரே தவறு. பல்லின் நுனி ஒரு பக்கமாக வளைந்து கொக்கி மாதிரி ஆகியிருந்தால் அது முடிந்துபோன ஸ்ப்ராக்கெட். பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்விளிம்பில், நடு உயரத்தில், செயினைப் பின்பக்கமாக இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதி தெரியும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் செயின் செட்டையே மாற்றுங்கள். விகிதம் சோதிக்க முன் ஸ்ப்ராக்கெட்டை மட்டும் மாற்றுவது நல்ல செயின் இருக்கும்போதுதான் சரி.

புது ஸ்ப்ராக்கெட் போட்டதும் 'கரகர' சத்தம்

அளவு மாறிப் போயிருக்கும், முதலில் அதைப் பாருங்கள். சின்ன டர்ட் பைக்குகளில் அதிகம் வருவது 420. நம்மூர் நூறு, நூற்றைம்பது சிசி ரோட்டு வண்டிகளில் பெரும்பாலும் 428. இரண்டுக்கும் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரையான இடைவெளி ஒன்றே என்பதால், கடைக்காரர் நல்ல எண்ணத்தோடுதான் "இதே அளவுதானுங்க, உட்காரும்" என்று எடுத்துக் கொடுப்பார். ஆனால் 420-இன் உள் அகலம் 6.35 மில்லி, 428-க்கு ஏறக்குறைய 7.9. உருளையின் தடிமனும் வேறு. 420 செயின் 428 ஸ்ப்ராக்கெட்டில் உட்காரவே உட்காராது, அதனால் அங்கே ஏமாற வழியில்லை. 428 செயின் 420 ஸ்ப்ராக்கெட்டில் உட்கார்ந்துவிடும். ஆபத்து அங்கேதான். அது பல்லின் மேல் அலைந்து, கத்தி, பக்கவாட்டில் அறுத்து, கடைசியில் பாயும்.

சீன பிட் பைக்குக்கு முன் ஸ்ப்ராக்கெட் வாங்கும்போது இன்னொரு அளவும் பாருங்கள். கியர்பாக்ஸ் ஷாஃப்ட் 17 மில்லியிலும் வரும், 20 மில்லியிலும் வரும். பழைய ஸ்ப்ராக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்து வாங்குவதே நல்லது.

அளவு சரி, ஆனாலும் சத்தம் என்றால் சக்கரம் நேராக இல்லை. ஸ்விங் ஆர்மில் குத்தியிருக்கும் கோடுகளை நம்ப வேண்டாம், சின்ன வண்டிகளில் இரண்டு பக்கக் கோடும் ஒத்து வருவது அபூர்வம். ஸ்விங் ஆர்ம் முன்னால் சுழலும் போல்ட்டின் நடுவிலிருந்து பின் ஆக்சில் நடு வரை இரண்டு பக்கமும் அளந்து ஒன்றாக்குங்கள். பிறகு பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிச் செயினின் மேல் ஓட்டத்தைப் பாருங்கள். ஸ்ப்ராக்கெட்டை விட்டு வரும் செயின் ஒரு பக்கம் ஒடிந்து தெரிந்தால் இன்னும் திருத்த வேண்டும்.

ஆக்சில் பின்னால் போக இடமில்லை, அல்லது செயின் எட்டவில்லை

பல் மாறினால் சக்கரம் நகரும் என்பதைப் பலரும் கணக்கில் வைப்பதில்லை. ஒரு பல் மாறினால் ஆக்சில் ஏறக்குறைய 3 மில்லி நகர வேண்டும். முன்னால் ஒன்று குறைத்தால் சக்கரம் 3 மில்லி பின்னால் போகும். பின்னால் மூன்று கூட்டினால் 9, 10 மில்லி முன்னால் வரும். நான்கு கூட்டினால் 12, 13 மில்லி. அந்த இடம் உங்கள் ஸ்விங் ஆர்மில் இருக்கிறதா என்று ஸ்ப்ராக்கெட் வாங்கும் முன்பே ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

இடமில்லை என்றால் செயின் நீளத்தை மாற்ற வேண்டும். கண்ணிகள் இரட்டைப் படையில்தான் இருக்க வேண்டும், அதனால் கூட்டுவதும் குறைப்பதும் இரண்டிரண்டாகத்தான். பின்னால் நான்கு பல் கூட்டி, செயினில் இரண்டு கண்ணி கூட்டினால் சக்கரம் பழைய இடத்திலேயே நிற்கும். அரைக் கண்ணி வைத்து ஒப்பேற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். செயினில் முதலில் அறுவது அதுதான்.

மாற்றும் வேலை

செயினைக் கழற்றும் முன்பே முன் ஸ்ப்ராக்கெட் போல்ட்டுகளைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். வண்டியைக் கியரில் போட்டு, ஒருவர் பின் பிரேக்கை மிதிக்க, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் இரண்டு சின்ன போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். செயினைக் கழற்றிவிட்டால் பிடிமானம் போய்விடும். பெரும்பாலான சின்ன வண்டிகளில் ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்திருப்பது ஒரு மெல்லிய பல் தகடு. போல்ட்டைக் கழற்றி அதை அரைப் பல் திருப்பினால் ஷாஃப்டிலிருந்து வழுக்கி வந்துவிடும். சிலவற்றில் நடுவில் பெரிய நட்டும் மடக்கு வாஷரும் இருக்கும். வாஷரின் மடிப்பை உளியால் நிமிர்த்திய பிறகே நட்டில் கை வையுங்கள்.

கவரைத் திறந்ததும் உள்ளே மண்ணும் கிரீஸும் கெட்டித்த கரும்பசை இருக்கும். மரக்குச்சியால் சுரண்டி, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, ஷாஃப்டைச் சுற்றியுள்ள ஆயில் சீலைப் பாருங்கள். ஈரமாக இருந்தால் சீல் போய்விட்டது, இப்போதே மாற்றுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் ஓடும் வண்டிகளை இங்கே ஒருமுறை நன்றாகக் கவனிக்க வேண்டும். மட்டை நார் செயினோடு உள்ளே போய், ஸ்ப்ராக்கெட்டுக்கும் சீலுக்கும் நடுவே ஷாஃப்டில் இறுகச் சுற்றிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் அழுக்கு மாதிரிதான் இருக்கும். திருப்புளி நுனியால் நெம்பினால் கயிறாக உருவி வரும். அதை விட்டுவைத்தால் சீலின் உதட்டைத் தின்றுவிடும், அப்புறம் சீலை மாற்றாமல் செயின் பக்கம் ஆயில் ஒழுகுவதை யாராலும் நிறுத்த முடியாது.

பின் ஸ்ப்ராக்கெட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பழைய மரையைச் சுத்தம் செய்து, போல்ட் தளராமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு விடுங்கள். இந்த வண்டி நடுங்கும் நடுக்கத்துக்கு வெறும் இறுக்கம் நிற்காது.

செயினின் இரு முனையையும் இணைக்கும் கிளிப்பான செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல் ஓட்டத்தில் செயின் பின்னிருந்து முன்னே போகிறது, அதனால் மேலே வைத்துப் பார்த்தால் மூடிய முனை முன்பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஒரு முள் செடியின் தட்டே லாக்கைக் கழற்றிவிடும். கொறடால் அழுத்தும்போது 'டக்' என்று உட்கார்ந்ததைக் காதால் கேட்டு, விரலால் தள்ளிப் பாருங்கள்.

ஒன்று மட்டும் வேண்டிக் கேட்கிறேன். இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, துணியால் செயினைத் துடைக்காதீர்கள். துணி சிக்கினால் விரல் பின்னாலேயே போகும், கையை இழுக்க நேரமே இருக்காது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் இன்னும் கவனம் தேவை. அவர்கள் பார்த்ததைத்தான் செய்வார்கள்.

மேடு பள்ளத்தில் செயின் கழன்று விழுகிறது

செயினை எங்கே வைத்து அளந்தீர்கள் என்பதுதான் கேள்வி. ஸ்டாண்டில் நிற்கும்போது சரியாகத் தெரியும் செயின், ஆள் உட்கார்ந்து ஸ்விங் ஆர்ம் மேலே ஏறும்போது இறுகும். முன் ஷாஃப்ட், ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும் நிலையில்தான் செயின் அதிக இறுக்கம். பின் ஷாக்கின் ஒரு போல்ட்டைக் கழற்றி, சக்கரத்தை அந்த நிலைக்குத் தூக்கிப் பாருங்கள். அங்கேயும் செயினில் சிறிது ஆட்டம் இருக்க வேண்டும். கம்பி மாதிரி விறைத்து நின்றால் அது முன் ஷாஃப்ட் பேரிங்கை இழுத்துக்கொண்டிருக்கிறது, தளர்த்துங்கள். அந்த அளவை முடிவு செய்த பிறகு ஷாக்கை மாட்டி, ஸ்டாண்டில் நிறுத்தி, இப்போது செயின் நடுவில் எவ்வளவு ஆடுகிறது என்று அளந்து, பெட்ரோல் டேங்குக்கு அடியில் மார்க்கரால் எழுதி வையுங்கள். இனி அந்த எண்ணை வைத்தே சரிபார்க்கலாம்.

ஆட்டம் சரியாக இருந்தும் கழன்றால், செயினை நேராக வழிநடத்தும் செயின் கைடைப் பாருங்கள். கல்லில் அடிபட்டு ஒரு பக்கம் வளைந்திருக்கும். பின் ஸ்ப்ராக்கெட்டும் அப்படித்தான். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பல்லுக்கு அருகே ஒரு குச்சியை அசையாமல் பிடித்தால் ஸ்ப்ராக்கெட் ஆடுவது தெரிந்துவிடும்.

வேண்டிய பல் கடையில் கிடைக்கவில்லை

கோவையில் இதற்குக் கவலைப்பட வேண்டாம். பம்புக்கும் மில்லுக்கும் பல் சக்கரம் வெட்டும் பட்டறைகள் நிறைந்த ஊர் இது, கேட்டால் வெட்டிக் கொடுப்பார்கள். பின் ஸ்ப்ராக்கெட்டுக்கு நான் அதைப் பரிந்துரைப்பேன். முன் ஸ்ப்ராக்கெட்டுக்கு வேண்டாம். உள் பல் அமைப்பு துல்லியமாக வராவிட்டால் ஷாஃப்டையே கெடுத்துவிடும், ஷாஃப்ட் கெட்டால் இன்ஜினைப் பிரிக்க வேண்டும்.

சாதா இரும்பில் வெட்டினால் ஒரு மழைக்காலம் தாங்காது. ஈஎன்8 என்ற தர இரும்பு கேளுங்கள், வெட்டிய பிறகு பல்லை மட்டும் ஹார்டனிங் செய்து (கடினமாக்கி) தரச் சொல்லுங்கள். கையில் வாங்கியதும் பல்லின் ஓரத்தில் ஒரு சின்ன அரத்தை வைத்துத் தேயுங்கள். அரம் கடித்து இரும்பைச் சுரண்டினால் ஹார்டனிங் ஆகவில்லை, திருப்பிக் கொடுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. பட்டறைக்குப் போகும்போது பழைய ஸ்ப்ராக்கெட், இரண்டு முழம் நல்ல செயின், கழற்றிய போல்ட்டுகள் மூன்றையும் கொண்டு போங்கள். நடு ஓட்டை, போல்ட் ஓட்டைகளின் வட்டம், பல்லின் தடிமன் எல்லாவற்றையும் அவர்கள் அதிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். அங்கேயே செயினைச் சுற்றி ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு வாங்கி வாருங்கள்.